கழிவறைத் தண்ணீர் மட்டும்

பெரகல
2024 செப்டம்பர் 3, செவ்வாய்

அன்பு மகன் றுஷ்திக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்திக்கொண்டிருக்கிறேன்.

நான் கடிதம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். கடைசியாக எழுதியது உன் வாப்பா சவூதியில் இருந்த காலத்தில். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது பேனையைத் தேட வைத்துவிட்டாய். உன் போன் நின்று இன்றைக்குப் பதினைந்து நாள். உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பண்டாரவளை மிப்ரானின் போனில் பிடித்துப் பேசப் பார்த்தால், கையால் தள்ளிவிட்டுப் போகிறாயாம். காகிதத்தை அப்படித் தள்ள முடியாது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிரித்துப் பார்ப்பாய். பதுளை அஸ்ஹர் லீவு முடிந்து வியாழக்கிழமை கட்டார் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் வாப்பாவும் நானும் தங்கச்சி றுமைஸாவும் உயிரோடு இருக்கிறோம். அதைச் சுகம் என்று சொல்வதானால் சுகம். வாப்பாவுக்குச் சுகர் ஏறி இறங்குகிறது. சொன்னால் கேட்கிற ஆளா அவர், சீனி போட்ட தேத்தண்ணிதான் இன்னும்.

பஸ்கள் நின்று இளைப்பாறிப் போகிற நம்ம தரிப்பிடத்தைச் சீல் வைத்துவிட்டார்கள் மகன். போன புதன்கிழமை பதுளையிலிருந்து மூன்று ஒபிசர்மார் வந்து, பதினாலு கக்கூஸ் கதவுக்கும் கயிறு கட்டி அரக்கு வைத்தார்கள். ஹோட்டலையும் பூட்டச் சொன்னார்கள். வெல்லவாயப் பக்கமிருந்து மலை ஏறி வருகிற பஸ்கள் பழக்கதோஷத்தில் நம்ம வளைவில் பிரேக் போடுகின்றன. டிரைவர்மார் அரக்கைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டு போகிறார்கள். முப்பது வருஷமாக அந்த வளைவில் நின்று போன பஸ்கள்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும் போல் இருக்கிறது. நாலு கக்கூஸுக்கு என்று வாப்பா அந்தக் காலத்தில் வெட்டின குழி, பதினாலைத் தாங்காது என்பது போன மார்கழி மழையில் தெரிந்துபோனது. குழி பொங்கி ரோட்டுக்கே வந்தது. புதுக் குழி வெட்டுவோம் என்று வாப்பா நின்றபோது நீதான் மறித்தாய். இனிக் குழி சரிவராது வாப்பா, கீழே தோட்டத்து ஆட்களின் லயம் இருக்கிறது, தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் விட வேண்டும் என்று சொல்லி நீயே படம் வரைந்து அனுப்பினாய். மூன்று அறை டேங்க், நடு அறைக்குக் காற்று ஊதுகிற மோட்டார், கடைசியில் கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி. லயத்து அழகர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, நூல் பிடித்தது போல் கட்டினார்.

நல்ல கிருமிகள் பிடிக்க வேண்டும், மாட்டுச் சாணி கரைத்து ஊற்றுங்கள் என்று நீ சொன்ன அன்று நினைவிருக்கிறதா. வாப்பா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு படிச்சவன் சாணி ஊத்தச் சொல்றானே என்று ஒரே புலம்பல். மே மாதம் கடைசித் தொட்டியில் வந்த தண்ணீரைப் போத்தலில் பிடித்து வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினோம். நீ பதிலுக்கு ஒரு சிரித்த முகம் மட்டும் போட்டாய். நான் றுமைஸாவின் போனை வாங்கி அதைப் பத்துத் தரம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஜூலையில் கதிர்காமத் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் வரிசையாக நின்றன. மூன்று நாலு கிழமையில் கீழ் லயத்தில் காய்ச்சல் தொடங்கிற்று. பிறகு ஒவ்வொருவருக்காகக் கண் மஞ்சளாகியது. மொத்தம் பதினொரு பேர். அதில் மூன்று பேர் பதுளை ஆஸ்பத்திரியில். ரெங்கம்மாவின் மகள் யசோதினி அதில் ஒருத்தி. பன்னிரண்டு வருஷமாக நம்ம கக்கூஸைக் கழுவுகிற ரெங்கம்மாவின் பிள்ளை, மகன். லயத்துக்காரர் குடிக்கிறது நம்ம டேங்குக்குக் கீழே கல்லிடுக்கில் ஊறி விழுகிற பீலித் தண்ணீர். அதைச் சோதித்துவிட்டு, அழுக்கு மேலேயிருந்துதான் வருகிறது என்று எழுதிவிட்டார்கள்.

பிளான் போட்ட இஞ்சினியர் யார், சேர்ட்டிபிக்கேட் எங்கே என்று கேட்டார்கள். வாப்பா உனக்குப் போன் பிடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒண்ட பிளானாலதான் லயத்துப் புள்ளைகளுக்கு மஞ்ச வருத்தமாம், சேர்ட்டிபிக்கேட்ட ஒடனே அனுப்பு மகன், என்றார். நீ, சரி வாப்பா, என்றாய். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு உன் குரல் இல்லை.

இனி நான் எழுதப் போவதுக்காகத்தான் இந்தக் கடிதமே. நீ இஞ்சினியர் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். மிப்ரான் லீவில் வந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டான். ஊத்தைத் தண்ணீர் வந்து சேர்கிற பெரிய பிளாண்டில் கம்பி வலையில் அடைகிற குப்பையை வழிக்கிறவன் நீ என்றும், இப்போதுதான் மோட்டார் பார்க்கப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னான். அவனுக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வெளியே சொல்லாதே மகன் என்று அனுப்பினேன்.

இஞ்சினியர் என்ற சொல்லை ஊரில் போட்டவள் நான்தான். அப்புத்தளையில் ஒரு கலியாண வீட்டில் பெண்டுகள் உன்னைப் பற்றிக் கேட்க, தண்ணி இஞ்சினியர் என்று என் வாய் சொல்லிற்று. உனக்குக் கதை எட்டி, ஏன் உம்மா அப்படிச் சொன்னீங்க என்று ஒரே ஒரு தரம் கேட்டாய். நான் சிரித்து மழுப்பினேன். உம்மாவைச் சபையில் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்று நீ அதைத் திருத்தாமல் விட்டாய். இல்லாத சேர்ட்டிபிக்கேட்டை இன்றைக்கு உன்னிடம் கேட்க வைத்தது என்னுடைய நாக்கு. உன்னை நான் குறை சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது.

கணக்கில் பிழை விட்டிருந்தால் விட்டாய். யானைக்கும் அடி சறுக்கும். நீ கூலி கேட்டுச் செய்யவில்லை, பேர் கேட்டும் செய்யவில்லை. லயத்துப் பிள்ளைகள் சுகமாகி வருவார்கள், நாங்கள் அதற்கு வேண்டியதைச் செய்கிறோம். உன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். ஏசினாலும் பரவாயில்லை, ஏசவாவது எடு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
உம்மா ஸைனப்


பெரகல
2024 செப்டம்பர் 14, சனி

என் மகன் றுஷ்திக்கு,

அல்லாஹ்வின் காவல் உன்மேல் இருக்கட்டும். அஸ்ஹர் கடிதத்தை உன் கையிலேயே தந்தாராம். வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாயாம். பிரித்தாயா இல்லையா என்று மிப்ரானுக்கும் தெரியவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். இந்தக் கடிதத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. றுமைஸா இதைப் படம் எடுத்து மிப்ரானுக்கு அனுப்புவாள், அவன் கடையில் தாளில் அடித்து உன்னிடம் தருவான். இதையும் வைத்துவிடாதே மகன். முதலில் இந்த ஒரு வரியை வாசி. பிழை உன்னுடையது இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தரிப்பிடத்துக்குப் போனேன். மனுஷர் நடமாட்டமே இல்லை. கால் வலித்தது, டேங்க் மூடிமேல் உட்கார்ந்தேன். அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்ம மலையில் எங்கே காது வைத்தாலும் தண்ணீர்ச் சத்தம்தானே. கொஞ்ச நேரம் போய்த்தான் உறைத்தது. கக்கூஸ் பதினாலும் அரக்கு வைத்துக் கிடக்கிறது. ஹோட்டல் பூட்டு. பஸ் இல்லை, ஆள் இல்லை. அப்படியென்றால் டேங்குக்குள் விழுகிறது யாருடைய தண்ணீர்?

அழகரைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கச் சொன்னேன். உன் படத்தில் இல்லாத ஒரு குழாய் இடது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நல்ல ஊற்றுத் தண்ணீர், கை மொத்தத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. ராப்பகலாய், ஜூன் கடைசியிலிருந்து.

அது எங்கேயிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லக் கூடாது என்று வாப்பா எங்கள் எல்லோருடைய வாயையும் கட்டிவைத்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு, தொழுகை அறைக்குப் பக்கத்தில் பிரயாணிகள் தொழ முன் கைகால் கழுவி வுழூ எடுக்க ஓர் இடம் கட்டினார். நல்ல இடம், மகன். வரிசையாகப் பத்துக் குழாய், உட்காரக் கல், வயசாளிகள் பிடித்துக்கொள்ளக் கம்பி. மேல் மலையிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. குழாய்களுக்கு மூடி கிடையாது. மலைத் தண்ணீரை யார் மூடினார்கள்? மூடினால் மேலே பைப் வெடிக்கும், அது ஓடிக்கொண்டே இருக்கும், அப்படித்தானே நாமெல்லாம் வளர்ந்தோம். நன்மை உனக்குச் சேர வேண்டும் என்று உன் பேரில் நிய்யத் வைத்துக் கட்டினார். சின்னக் கல் ஒன்றில் உன் பெயரை வெட்டிப் பதித்து, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். டிசம்பரில் நீ லீவில் வந்து உன் கையால் திறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஓடுகிற தண்ணீரை முதலில் ரோட்டுக் கானில்தான் விட்டார். வளைவில் தண்ணீர் நின்றால் பஸ் வழுக்கும் என்று ரோட்டுக்காரர் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் டேங்கில் சேர்த்தது. அழகர் அன்றைக்கே கேட்டார், தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சேக்கலாங்களா ஐயா, என்று. வாப்பா சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. நல்ல தண்ணிதானே அழகர், அது சேந்தா உள்ளுக்கு ஈக்கிற ஊத்தையும் கழுவிக்கிட்டுப் போகும், என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல தண்ணீரால் கெடுதி வரும் என்று இந்த மலையில் யாருக்குத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து உன் படத்தை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டு மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் உன் கையெழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறாய். கழிவறைத் தண்ணீர் மட்டும். வேறு தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது, சேர்ந்தால் கிருமிகள் கழுவுண்டு போய்விடும், அழுக்கு அழுக்காகவே வெளியே போகும். நாலு மாதம் சுவரில் ஒட்டியிருந்த படம். வேலை முடிந்ததும் சுருட்டி அலுமாரியில் போட்டோம். ஒருவரும் அந்த வரியைத் திரும்பப் பார்க்கவில்லை.

வாப்பாவிடம் காட்டினேன். அந்த வரியை விரல் வைத்து வாசித்தார். பிறகு தாளை மடித்து, இத யாருக்கும் காட்டாதே, என்றார். நான் பிடித்துக் கேட்டேன். அவன் கட்டார்ல ஈக்கிறான், அவன யாரு வந்து புடிக்கப் போறா, நான் இங்க ஈக்கிறவன், என்னத்தானே கோட்டுக்கு இழுப்பாங்க, இந்த வயசுல நான் அந்தக் கூண்டுல ஏறணுமா, என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கோப்பையைச் சுவரில் அடித்தேன். இருபத்தொன்பது வருஷக் கலியாண வாழ்க்கையில் நான் அப்படிச் செய்ததில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அதை என் வீட்டுக்குள்ளேயே பார்க்க வைத்துவிட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அது உனக்கும் தெரியும். பயந்த மனுஷன். பயந்தவன் செய்கிற அநியாயம் கெட்டவன் செய்கிறதைவிட லேசானதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் குழாயை அழகர் அன்றைக்கே அடைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பதுளைக்குப் போய் யசோதினியைப் பார்த்தேன். நாளைக்கு அவளுக்கு ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனை. இரண்டு வருஷம் ரெங்கம்மா சம்பளத்தில் பாதியை அந்தப் பிள்ளையின் வகுப்புக்கே கொடுத்தாள். பிள்ளை கட்டிலில் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு கிடக்கிறாள், கண் இரண்டும் மஞ்சள். சோதனைக்குப் போக விடமாட்டார்களாம். நான் தெம்பிலி இளநீர் கொண்டுபோனேன். நீங்க ஏம்மா இவ்வளவு தூரம் செரமப்பட்டு வந்தீங்க, என்று ரெங்கம்மா கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தெம்பிலியை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள், வெட்டவில்லை. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். உன் வாப்பாவின் முகம் வந்து நின்றது. சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உனக்கு மட்டும் சொல்லிவிட்டேன். நீ போட்ட கணக்கு சரி. அதைக் கெடுத்தது நாங்கள், அதுவும் உன் பேரைச் சொல்லிக்கொண்டே கெடுத்தோம். போனை எடு மகன். எடுத்து எங்களை நாலு கேள்வி கேள்.

உன் உம்மா
ஸைனப்


பெரகல
2024 செப்டம்பர் 24, செவ்வாய்

மிப்ரான் மகன்,

இதை நீதான் சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டு கடிதமும் பிரிக்காமல் அப்படியே இருப்பதாக றுமைஸாவிடம் சொன்னாயாம். ஆகவே இனி அவன் வாசிப்பான் என்று நான் காத்திருக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் சரி, காதைப் பொத்தினாலும் சரி, நீ நிறுத்தாதே. முதலில் அந்த இரண்டையும் பிரித்து வாசித்துவிட்டு இதை வாசி. உன்னைப் பற்றியும் அதில் இருக்கிறது, கோபிக்காதே.

றுஷ்தி, உம்மா பேசுகிறேன்.

நீ வேலைக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறதாம். இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லையாம். வெள்ளிக்கிழமை உன் கைக்கடிகாரத்தையும் புதுச் சப்பாத்தையும் மிப்ரானுக்குக் கொடுத்து, நீ வச்சிக்க, எனக்கு இனி எதுக்கு, என்றாயாம். அந்தப் பிள்ளை இதைச் சொல்லும்போது அழுதுவிட்டான். அன்றிலிருந்து நான் பயந்துகொண்டிருப்பது என்ன என்று எழுத என் கை வரவில்லை. உனக்குத் தெரியும்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் மகன். போன புதன்கிழமை உன் படத்தை எடுத்துக்கொண்டு பதுளை ஒபிசுக்குப் போனேன். ஒபிசர்மாரில் பாதிப் பேர் எலெக்‌ஷன் வேலைக்குப் போயிருந்தார்கள். ஹனா என்று ஒரு மிஸ், உன் வயசுதான் இருக்கும், அவதான் தண்ணீர் விஷயம் பார்க்கிறவ. மேசையில் படத்தை விரித்துவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வுழூ எடுக்கிற இடம், மூடியில்லாத குழாய், டேங்கில் சேர்த்தது, வாப்பா என்ன சொன்னார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினது, ஒன்றும் விடவில்லை. நீ சேர்ட்டிபிக்கேட் உள்ளவன் இல்லை என்பதையும் சொன்னேன். கம்பி வலை வழிக்கிறவன் என்று சொன்னேன்.

அவ அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னா. நடு அறையில் அழுக்குத் தண்ணீர் ஒரு நாள் முழுக்க நின்றால்தான் கிருமிகள் அதைத் தின்று தீர்க்குமாம். நாங்கள் விட்ட தண்ணீர் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் வெளியே தள்ளியிருக்கிறது. கிருமிகளும் சேர்ந்தே போய்விட்டன. நல்ல தண்ணீர் கலந்து வந்ததால் பார்வைக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கடைசியாக அவ சொன்னதை அவவுடைய வார்த்தையிலேயே எழுதுகிறேன். நாங்க இத கெம்பஸ்ல படிச்சது அன்ட்டி, ஒங்கட மகன் அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல நிண்டு படிச்சீக்கிறார், கணக்குல ஒரு பிழையும் இல்ல, என்றா. எனக்கு அந்த ஒபிசிலேயே அழுகை வந்தது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், உனக்குப் பொய் சொன்னது போதும். இஞ்சினியர் கையெழுத்து இல்லாமல் கட்டினது குற்றம்தான், அதையும் எழுதத்தான் வேண்டும் அன்ட்டி என்று எழுதிக்கொண்டா. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கே கட்டினவர்கள். வாப்பாவும் நானும். அடுத்த மாதம் பண்டாரவளைக் கோட்டில் வழக்கு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கூண்டில் ஏறுகிறதானால் அவர் தனியாக ஏற வேண்டியதில்லை. தரிப்பிடம் இனித் திறக்குமோ இல்லையோ தெரியாது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன.

பதுளையிலிருந்து வந்து நேரே லயத்துக்கு இறங்கினேன். ரெங்கம்மாவும் அன்றைக்கு உடுப்பு எடுக்க வந்திருந்தாள். பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்ற எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். எங்கட மகனில பிழை இல்ல, நாங்கதான் செஞ்சோம், என்றேன். ஒருத்தன் காறித் துப்பினான். துப்பட்டும். நான் மேடேறி வரும்போது ரெங்கம்மா பின்னால் வந்து முந்தானையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தம்பிக்கு இது தெரியுமாம்மா, அவங்க செஞ்சது இல்லனு தெரியுமா, என்று கேட்டாள். தெரியாது, அவன் போனை எடுக்கிறான் இல்லை, என்றேன். எப்படியாச்சும் சொல்லிருங்கம்மா, என்றாள். தன் பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் மகன். இன்னும் ஒரு கிழமை வைத்திருக்க வேண்டுமாம். அந்த நிலையிலும் அவள் கேட்டது உன்னைப் பற்றி.

நான் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினதிலிருந்து வாப்பா என்னோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் போகவில்லை. சனிக்கிழமை சுத்தியலை எடுத்துக்கொண்டு தரிப்பிடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். உன் பெயர் வெட்டின கல்லைப் பெயர்க்கப் பார்த்தார், பலமாகப் பூசியிருக்கிறது, வரவில்லை. பக்கத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கையில் இரத்தம். நான் துணியால் கட்டிவிட்டேன். இன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவனுக்குத்தானே எழுதுற, நானும் ஸலாம் சொன்னன் என்று எழுது, என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்து, வேணாம், எழுதாதே, என்றார். நான் எழுதிவிட்டேன். அவருக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாது மகன். அவர் யாரிடமும் கேட்டுப் பழகவில்லை. நான் அவருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

நீ ஊருக்கு வந்து முகம் காட்ட வேண்டாம். வேலைக்குப் போக வேண்டாம். வழக்கைப் பற்றி யோசிக்க வேண்டாம். உனக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாணம் நின்றால் நிற்கட்டும், இஞ்சினியரைக் கேட்ட வீடு எங்களுக்கு வேண்டாம். நான் என் வாயால் உனக்குப் போட்ட பட்டத்தை அந்தக் கலியாண வீட்டுப் பெண்டுகளிடமே போய்த் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஒருத்தி சிரித்தாள். எனக்கு ஒன்றும் தேயவில்லை. கம்பி வலை வழிக்கிற மகன் எனக்குப் போதும், அவன் உயிரோடு இருந்தால் போதும்.

அல்லாஹ் உன்னை என்னிடமிருந்து எடுத்துவிடாமல் காப்பாற்றட்டும். வேறு துஆ கேட்க எனக்கு இப்போது தெரியவில்லை.

மிப்ரான், கொஞ்சம்தான் இருக்கிறது மகன். வாசித்து முடிந்ததும் உன் போனிலிருந்து எனக்கு அடி. அடித்து அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்துவிடு. கதவைத் திறந்தே வை. நீ வாசலில் நில், தூரப் போகாதே.

றுஷ்தி, நீ ஒன்றும் பேச வேண்டாம். நானும் ஒன்றும் விசாரிக்க மாட்டேன். போனைத் தள்ளாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சை விடு. எனக்குக் கேட்கும்.

உம்மா